மாடி அறையின் பெரிய ஜன்னல்

அன்பு மகளுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று வருடமாக ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டு, காற்றடித்தால் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்த நம் வீட்டுக் குளியலறை ஜன்னல் கொக்கியானது, கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வெற்றிகரமாக முடுக்கப்பட்டது. முடுக்கிய மாவீரன் வேறு யாருமல்ல, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் உன் தம்பிதான். அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் கட்டு இருப்பதால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனிமேல் அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதெல்லாம் அம்மா, உள்ளே இருப்பது நான். இந்த முதல் பத்தி மட்டும் என் சொந்தச் சரக்கு. இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன், கொக்கிக்கெல்லாமா ஒரு கடிதம், முதலில் சுகம் விசாரிடா வாலு என்று இடது கையால் ஒரு கொட்டு வைத்தாள். இடது கை என்பதால் குறி தப்பிக் காதில் விழுந்தது.

கண்ணு, அம்மா சொல்கிறேன். இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கண் எரிச்சல் குறைந்ததா, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காராதே, அப்பப்போ எழுந்து வெளியே நாலு மரத்தைப் பார். என் விரலைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை, உடைந்து உள்ளே நின்ற ஊசி முனையை டாக்டரம்மா எடுத்துவிட்டார், வீக்கமும் வடிந்துவிட்டது, பத்து நாள் மெஷின் பக்கமே போகக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்கூட இல்லை, அறுபது சீருடை வெட்டினபடியே கிடக்கிறது, எதிர்வீட்டு அக்கா வந்து காஜா போட்டுக்கொடுக்கிறாள், பாவம் அவளும் எத்தனை நாள் செய்வாள். அப்பாவுக்குப் பணிமனையில் இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட், பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டு வருகிறார், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து யார் முதலில் எழுந்து விளக்கு போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். (போடுவது நான்தான். இந்த வீட்டின் ஒரே சுவிட்ச் நான்.)

சொல்ல வேண்டியது மாடி அறை விஷயம்தான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போனில் அரைகுறையாகக் கேட்டு உனக்குள்ளேயே ஏதேதோ நினைத்துக்கொள்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இருபத்தைந்து வருடமாகக் கீழே இருட்டு மூலையில் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத் தைத்தவள் நான். மொட்டைமாடியில் எனக்கென்று ஒரு அறை எழுப்பலாம் என்று அப்பா சொன்னபோது, படம் நான் போட்டுத் தருகிறேன் என்று நீ சொன்னாய், எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. ஊர்ப்பட்ட கட்டடத்துக்குக் கோடு போடுகிற பிள்ளை, பெற்றவளுக்கு ஒரு அறை போடுகிறாள் என்று வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பெரிய தாளைக் குழலில் சுருட்டி நீ அனுப்பியது வந்த அன்று அப்பா கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிரித்தார். ஜன்னலுக்கு மட்டும் எத்தனை பேச்சு. அலுமினியக்காரர் ஸ்லைடிங்தான் அழகு என்றார், அப்பாவும் அதற்கே தலையாட்டினார், நீதான் ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், மறு பாதியை அதுவே மூடிக்கொள்ளும் என்று சொல்லி வேண்டாம் என்றாய். (அப்பாவின் காது மாதிரி. நாம் பேசினால் ஒன்று திறக்கும்போது இன்னொன்று மூடிக்கொள்ளும்.) பிறகு அலுமினியக்காரர் திறக்கவே முடியாத ஒரே கண்ணாடியாகப் போட்டு ஏசி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். (பார்க்கலாம், மூச்சு விடக்கூடாது. பரீட்சை ஹால் ஜன்னல்.) அதற்கும் நீ மசியவில்லை. கீல் வைத்த இரண்டு கதவு ஜன்னல், முழுசாகத் திறக்க வேண்டும், அதுதான் பெரிய ஜன்னல், அதற்கு எதிர்ச் சுவரில் உயரத்தில் கண்ணாடிப் பட்டை அடுக்கின லூவர், கீழே வருகிற காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே இருக்கிற லூவர் வழியாகப் போய்விடும், உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி என்று போனில் நீ எனக்குப் பாடமே எடுத்தாய். எனக்கு நன்றாகப் புரிந்தது. துணிக்கடைக்குள் கூட்டம் போகிற மாதிரிதானே, வருகிற வாசல் வேறு, போகிற வாசல் வேறாக இருந்தால்தான் நெரிசல் இல்லை.

மேஸ்திரி சிமென்ட் கையோடு படத்தைத் தொடுவார், அசல் கெட்டுப்போகும், நகல் எடுத்துக் கொடு என்றார் அப்பா. அவ்வளவு பெரிய தாள் நகல் கடை மெஷினில் நுழையவில்லை, இவனே, துணிக்கு அளவு வரைகிற என் மெல்லிய வெட்டுத் தாளில் பார்த்து வரைந்துவிட்டான். (அச்சுப் பிசகாமல்! ஒரு கோடு குறையவில்லை. கீழ் அறை ஜன்னல் கண்ணாடியில் உன் படத்தை ஒட்டி, மேலே வெட்டுத் தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் தெரிந்த ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்கேல் வைத்து இழுத்தேன். உன் ஆபீசில் இப்படி ஒரு ஆள் இருந்தால் உனக்கு வேலை போயிருக்கும். நகல் எடுத்தவன்தான், ஆனால் அசல் கெட்டிக்காரன்.) அந்தத் தாளை மாடியில் ஆணியில் மாட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மேஸ்திரி கட்டினார். ஒரு நாள் மட்டும் சிரித்தார், உங்கள் பெண் நீலத்தில் ஒரு அம்பு போட்டு இப்படித்தான் காற்று வரும் என்று காட்டியிருக்கிறாள், அந்தப் பக்கம் சாப்பாட்டு மெஸ் சுவர்தானே இருக்கிறது, காற்று சமையலறையிலிருந்தா வரும் என்று. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவள் போட்டிருக்கிறாள், ஏதாவது காரணம் இருக்கும் என்று அப்பாதான் அவர் வாயை அடைத்தார்.

குடியேறின பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்து உள்ளே போய், பின் சுவரைப் பார்த்தபடி மெஷினில் உட்கார்ந்தால், எனக்கு வலது கைப்பக்கம் பெரிய ஜன்னல், அந்தப் பக்கம் நாலு முழச் சந்து, சந்துக்கு அப்பால் மெஸ்ஸின் சமையலறை. ஜன்னலின் ஒரு கதவு, சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அவர்கள் புகைக்குழாயில் இடித்துக்கொண்டு ஒரு சாண்தான் திறக்கிறது. திறந்த சாணில் காற்று வருவதற்குப் பதில் வெங்காயம் பொரிக்கிற புகை வருகிறது. விளையாட்டு மைதானம் இருக்கிற இடது பக்கத்தில்தான் நல்ல காற்று, சாயங்காலம் மரமெல்லாம் ஆடுகிறது, அந்தச் சுவரில் உயரத்தில் லூவர், அந்தக் காற்றில் தலைக்கு மேலே நாலு நூல் ஆடுகிறது, என் மேல் ஒரு பொட்டுக்கூடப் படுவதில்லை. பதினொரு மணிக்கெல்லாம் அறை கொதிக்கிறது. (நம் வீட்டில் காற்று வாங்க மாடியிலிருந்து கீழே இறங்க வேண்டும்.) ஒரு டீச்சரம்மா தைத்த ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மதியம் என்ன சமையல் என்று கேட்டாள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வெளிச்சம்தான் என்னைக் கவிழ்த்தது. வலது பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் மெஷினின் தூண் நிழல் நேராக ஊசி மேல்தான் விழும், உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்தவள் நீ. மெஷினைத் திருப்பிப் போட்டும் பார்த்தோம், நிழல் போனது, ஆனால் புகை நேரே முகத்தில், ப்ளக்குக்குப் போகிற வயர் கதவுக்குக் குறுக்கே கிடந்து அப்பா தடுக்கி விழப் பார்த்தார், மறுபடி பழையபடி போட்டுவிட்டேன். அன்றைக்குக் கரண்ட் வேறு போய்விட்டது. ஒரு காலர்தானே, முடித்துவிடலாம் என்று மோட்டார் இல்லாமல் காலாலேயே மிதித்தேன். நிழலில் விரல் எது துணி எது என்று தெரியவில்லை.

அப்பா அன்றைக்கு உன்னிடம் போனில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் பேசிவிட்டார். ஆபீசில் உட்கார்ந்து கோடு போட்டால் காற்று வந்துவிடுமா, உன் படத்தால் உன் அம்மா விரலில் ஊசி ஏறிவிட்டது என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன், வலியைவிட அது எனக்குப் பெரிய வலியாக இருந்தது. அவரும் பேசிவிட்டு அன்று சாப்பிடவில்லை. உன்னிடம் நேரே சொல்ல மாட்டார், அது உனக்குத் தெரியும், ஆனால் அன்றிலிருந்து உன் அசல் படத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை, பார்த்தால் வருத்தமாக இருக்கிறது என்கிறார். இப்போது அந்தப் பெரிய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம், புகையாவது நிற்கும் என்று மேஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அடைத்துவிட்டு மறுபடி டியூப்லைட் போட்டுக்கொள்வதுதான், என்ன செய்வது, எனக்கு டியூப்லைட் புதுசா. நான் போன் செய்தால் நீ ம் என்கிறாய், இன்னொரு ம் என்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முந்தாநாள் நீ அனுப்பிய மெசேஜை நாலு தடவை படித்தேன். ஒரு பள்ளிக்கூடம் முழுக்க, பதினாலு வகுப்பறைக்கும் ஜன்னல், உன் கையெழுத்திலேயே படம் போகும் என்று ஆபீசில் உன்னிடம் கேட்டிருக்கிறார்கள், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ முடியாது என்று சொல்லப்போகிறாய், உன் ஒரு அறையையே ஒழுங்காகப் போடத் தெரியாதவள் பதினாலு அறைக்கு எப்படிம்மா போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படிக்காதவள், தப்பு உன் மேலா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். உனக்கு நாலு வயசு இருக்கும்போது, ஒரு டாக்டர் வீட்டு அம்மாவுக்கு விலை உசந்த பட்டில் ரவிக்கை வெட்டினேன். துணியை மடித்து வெட்டியிருந்தால் இரண்டு கையும் சரியாக வந்திருக்கும், துணி குறைவாக இருந்ததால் மடிக்காமல் ஒற்றையாகப் போட்டு, வெட்டுத் தாளை மேலே வைத்து ஒரு கை வெட்டினேன், அதே தாளைத் திருப்பிப் போடாமல் அப்படியே நகர்த்தி வைத்து இன்னொரு கையும் வெட்டினேன். இரண்டும் இடது கை. அளவு சரி, வளைவு சரி, ஒரு நூல் கூடக் குறையவில்லை, ஆனால் வலது கைக்கு வைத்தால் முன்பக்கம் பின்னால் போகிறது. தாளின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அதற்காக நான் கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டேனா, அதன் பிறகு எத்தனை ஆயிரம் கை வெட்டியிருப்பேன்.

(இந்த இடத்தில் எழுதுபவனின் பேனா மக்கர் செய்தது. மை இருக்கிறது. பேனாவில் கோளாறு இல்லை.)

எழுதுடா, ஏன் நிறுத்திவிட்டாய் என்று இவனைக் கேட்டால் விழிக்கிறான், முகமெல்லாம் வேர்த்திருக்கிறது, வெயில் காலப் புழுக்கம் அப்படி. சரி, அதிகம் வளர்த்தவில்லை. கண்ணு, வேலை வேண்டாம் என்று அவசரப்பட்டு எழுதிக்கொடுத்துவிடாதே. ஒரு அறை தப்பாகப் போனால் போகட்டும், அதில் உட்காரப்போவது உன் அம்மாதானே, நான் என்ன உன் மேல் வழக்கா போடப்போகிறேன். அந்தப் பதினாலு அறையிலும் உட்காரப்போகிற பிள்ளைகளை நினைத்துப் பார், கரும்பலகையில் வெளிச்சம் பட்டுக் கூசாமல், மத்தியானம் தூக்கம் சொக்காமல் இருக்கிற மாதிரி ஒரு ஜன்னல் உன்னைவிட யார் போடுவார்கள். இந்த விரல் ஆறினதும் நானே எழுதுகிறேன். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. உன் நீலச் சுடிதாரின் பக்கத் தையலில் அரை அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைத்திருக்கிறேன், இறுக்கமாக இருந்தால் அங்கேயே யாரிடமாவது கொடுத்துப் பிரித்துக்கொள். இருபதாம் தேதியை மறக்காதே, சரி என்று சொல். நீ போகிற இடமெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், நல்ல மூச்சாக வரட்டும், கண்ணும் கையும் நலமாக இருக்கட்டும். இடது கையால் கையெழுத்து போடுகிறேன், கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அம்மா

அக்கா, இனிமேல் அடைப்புக்குறி இல்லை. அம்மா கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். இது தாளின் பின்பக்கம்.

அம்மா அந்த இரண்டு இடது கை கதையைச் சொல்லும்வரை எனக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அதன் பிறகு மாடிக்குப் போய் ஆணியிலிருந்து என் நகலை எடுத்து வந்தேன், அப்பாவின் பெட்டியைத் திறந்து உன் அசலையும் எடுத்தேன், இரண்டையும் தரையில் விரித்துப் போட்டேன். உன் படத்தில் பெரிய ஜன்னல் இடது சுவரில் இருக்கிறது. நீல அம்பு மைதானத்துப் பக்கமிருந்து வருகிறது. லூவர் வலது சுவரில், மெஸ் பக்கம், புகைக்குழாய்க்கும் மேலே. ப்ளக் பாயிண்ட்கூட அதன் இடத்தில் சரியாக இருக்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

என்ன நடந்தது என்றால், அப்பா அன்றைக்கு, அசலின் மேல் ஒரு பென்சில் கீறல் விழுந்தாலும் உன் தோலை உரிப்பேன் என்றார். நான் மூளையைக் கசக்கி, படத்தின் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்து ஒட்டினேன், முதுகு என் பக்கம். அழுத்தினாலும் கீறல் முதுகில்தானே விழும், எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். வெயிலில் கோடு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித் தெரிந்தன, அதை நான் கவனித்தேன், கவனித்து ஒவ்வொன்றையும் நேராகத் திருத்தி எழுதினேன். எழுத்து திரும்பியிருந்தால் சுவரும் திரும்பியிருக்கும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. கதவை நீ முன்சுவரின் நட்டநடுவில் வைத்திருந்தாய், எப்படித் திருப்பினாலும் அது நடுவிலேயே நிற்கிறது. கொஞ்சம் ஓரமாக வைத்திருந்தால் கதவு படிக்கட்டுக்கு நேராக வராமல் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். இதையும் உன் தலையில் கட்டப் பார்க்கிறேன் பார், மன்னித்துக்கொள். நகல் எடுத்தவன் அசல் முட்டாள்.

உனக்கு இப்போதே மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் நீ எடுத்தாய், மூன்று தடவையும் அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் பாதியில் வைக்க முடியாது. கூரியர் கடை சாயங்காலம்வரை திறந்திருக்கும், பதினேழாம் தேதிக்குள் கையில் கிடைத்துவிடும் என்றார்கள், தபாலில் போடாமல் அதில்தான் போடப்போகிறேன். போட்டுவிட்டு நேரே பணிமனைக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுவேன், மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை செங்கல் வைக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும். எந்தச் சுவரை எங்கே உடைத்து ஜன்னலை இடம் மாற்றுவது என்று நீ எழுது, மண்வெட்டி நான் பிடிக்கிறேன், அது ஒன்றைத்தான் தலைகீழாகப் பிடிக்க முடியாது. அறுபது சீருடைக்கும் பட்டன் வைக்கப் போவதும் நான்தான், எதிர்வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஏழு வைத்ததில் ஒன்று என் சட்டையோடு சேர்ந்துவிட்டது.

என் நகலையும் இதோடு மடித்து வைக்கிறேன். அதை உன் அறை ஜன்னல் கண்ணாடியில், முகம் வெளிப்பக்கம் பார்க்க, முதுகு உன் பக்கம் இருக்க ஒட்டிப் பார். எழுத்து எல்லாம் திரும்பித் தெரியும், அது என் கிறுக்கல், விட்டுவிடு. கோட்டை மட்டும் பார். அதுதான் நீ அம்மாவுக்குப் போட்ட அறை. பார்த்துவிட்டு, அந்தப் பதினாலு அறைக்கும் சரி என்று சொல்லிவிடு அக்கா.

உண்மை சொல்ல ஆரம்பித்தாகிவிட்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளியலறைக் கொக்கியை முடுக்கியது அப்பா. நான் பக்கத்தில் நின்று ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்று சாக்கடைக்குள் விழுந்துவிட்டது.

தம்பி